ஒருமை என்னும் அழகு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைக் கடந்து செல்வோர் உப்பளங்களைக் கண்டு சற்றே நிற்பதுண்டு. வரிசை வரிசையாகப் பாத்திகள், இடையே நேர்கோடுகளாய் வரப்புகள், கரையோரம் வெண்குவியல்கள். எதிலும் இடறாமல் கண் அனைத்தையும் ஒரே காட்சியாக ஏற்கிறது. பல உறுப்புகள் ஒரு முழுமைக்குள் இவ்வாறு பொருந்துவதையே ஓவியக் கலையும் கட்டடக் கலையும் ஒருமை என்கின்றன.

ஒருமை என்பது ஒன்றுபோல் இருத்தலா? அருகே சென்று நோக்கினால் பாத்திகள் ஒன்றுபோல் இல்லை. ஒன்றில் நீர் தெளிந்திருக்கிறது. மற்றொன்றில் உப்புப் பூத்திருக்கிறது. போமே அளவில் ஏறத்தாழ 3 டிகிரி செறிவுள்ள கடல்நீர், வெயிலில் வற்றி, பாத்திக்குப் பாத்தி மாறி, 25 டிகிரியை எட்டும்போதே உப்பாக விளைகிறது. வரப்புகள் பிரிக்கின்றன, மடைகள் இணைக்கின்றன. மடைகளை அடைத்துவிட்டால் காட்சி சில நாள் அப்படியே இருக்கும், விளைச்சல் இராது. ஆகவே, கண்ணுக்குத் தெரியும் ஒருமை வேறு. உள்ளே ஓடும் ஒருமை வேறு.

இவ்வேறுபாட்டைத் தமிழகத் திருச்சபை தன் ஆலயம் ஒன்றிலேயே கண்டது. நெல்லை மாவட்டம் வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த திருக்குடும்ப ஆலயத்தில், இரு நீண்ட கூடங்கள் ஒரே பீடத்தை நோக்கிக் குவிகின்றன. வடிவில் குறையில்லை. எனினும் சாதிகள் தனித்தனியே அமர்ந்து திருப்பலி காண்பதற்கென்றே அவ்வமைப்பு வகுக்கப்பட்டது. பிரித்து நின்ற சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. அதை எதிர்த்தோர் நீதிமன்றம் வரை சென்றனர்.

பீடம் ஒன்றுதானே, அமைதிக்காகத் தனியிடம் தருவதில் தவறென்ன என்று கேட்கலாம். புனித தோமா அக்குவினார் அழகின் இயல்புகளாக முழுமை, பொருத்தம், ஒளி ஆகிய மூன்றைக் கூறி, முழுமையை முதலில் வைத்தார். பொருத்தம் மட்டும் போதுமெனில் அந்தச் சுவரும் அழகே. ஆனால் ஒரே அப்பத்தில் பங்குகொள்வோர் ஒருவர் முகத்தை ஒருவர் காணாதிருக்கையில் அங்கே முழுமை ஏது? சண்டையின்மை அமைதியாகாது, சமச்சீர் ஒருமையாகாது.

இன்றும் நம் ஊர்கள் சிலவற்றில் கல்லறைத் தோட்டம் பிரிந்தே கிடக்கிறது; திருவிழாத் தேர் செல்லாத தெருக்கள் உள்ளன. ஆலயத்தைப் புதுப்பிக்கும்போது வண்ணமும் விளக்கும் பீடமும் பொருந்துகின்றனவா என்று கருத்தோடு பார்க்கிறோம். நல்லதே. அத்துடன், நம்மிடையே மடைகள் திறந்திருக்கின்றனவா என்றும் பார்ப்போம்.