எந்த விதையை எரிக்கலாம்?

பெங்களூரு வீதிகளில் கோடை வெயிலுக்கு நிழல் விரிக்கும் மரங்களில் புங்கமும் ஒன்று. கன்னடத்தில் ஹொங்கே. அதன் எண்ணெய் கசக்கும், சமையலுக்கு ஆகாது. மண்ணெண்ணெய் வருமுன் கிராமத்து அகல்களில் எரிந்த எண்ணெய் அது. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர் உடுப்பி ஸ்ரீநிவாசா அதை டீசல் எஞ்சினுக்கு ஊற்றினார், ஓடியது. கக்கனஹள்ளி என்ற வறண்ட ஊரில் புங்க எண்ணெய் ஜெனரேட்டர்கள் நிலத்தடி நீரை வயலுக்கு ஏற்றின. எஞ்சும் பிண்ணாக்கு மண்ணுக்கே எரு.

அதே பெங்களூரில்தான் 2023 பிப்ரவரி 6 அன்று, 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலைப் பிரதமர் அறிமுகப்படுத்தினார். அந்த எத்தனாலுக்குக் கரும்பு மட்டும் போதவில்லை. மக்காச்சோளமும் இந்திய உணவுக் கழகக் கிடங்கு அரிசியும் வடிசாலைக்குப் போகின்றன. நாமக்கல் கோழிக்குத் தீவனமாகும் அதே மக்காச்சோளம்.

இரண்டு எரிபொருளும் மண்ணில் மீண்டும் மீண்டும் விளைபவை. அறத்தின் முன்னும் இரண்டும் ஒன்றா?

தீக்கு உணவிடுவது நம் மரபுக்குப் புதிதல்ல. வேள்வியில் நெய்யும் தானியமும் சொரிகிறார்கள். ஆனால் வடலூரில் வள்ளலார் 1867-இல் மூட்டிய அடுப்பு இன்றும் எரிவது பசித்தவருக்குச் சோறாக்க. அந்த அடுப்பை நினைத்தபடி வடிசாலைக்குப் போகும் அரிசியைப் பார்த்தால் மனம் கூசுகிறது.

தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா இதற்கு ஓர் அளவுகோல் தந்தார். காந்தியின் வழிவந்த பொருளியலாளர், இயேசுவின் போதனையில் ஊறியவர். வார்தாவில் அவர் வழிநடத்திய கிராமத்தொழில் சங்கம், மண்ணெண்ணெயை விலக்கித் தாவர எண்ணெயில் எரியும் 'மகன் தீபம்' விளக்கைப் பரப்பியது. நிலக்கரியும் பெட்ரோலியமும் எடுக்க எடுக்கத் தீரும், தீர்ந்துபோகும் பொருளுக்காகச் சண்டை வரும் என்றார். ஆனால் தீராதது என்பதோடு அவர் நிற்கவில்லை. 1945-இல் வெளியான நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலில் உயிர்கள் வாழும் முறைகளை அடுக்கினார்: ஆட்டைக் கொன்று தின்னும் புலி, நட்டு வளர்க்காமலே மாங்காய் பறிக்கும் குரங்கு, கடைசியில் குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவை.

கக்கனஹள்ளியின் எஞ்சின் அந்தத் தாய்ப்பறவைக்கு நெருக்கமானது. யார் தட்டிலிருந்தும் எதையும் எடுக்காமல், எடுத்ததில் ஒரு பங்கை மண்ணுக்கே தந்தது.

ஆனால் அந்தப் புண்ணியம் புங்கத்தின் பிறவிக் குணமல்ல. வரப்பிலும் சாலையோரத்திலும் நிற்கும்வரை சரி. நஞ்சையில் தோப்பாக வைத்தால் அதுவும் சோற்றைத்தான் தள்ளும். எரிபொருள் எண்ணெய்க்காகக் காட்டாமணக்கை நாடெங்கும் நடச் சொன்ன 2003-ஆம் ஆண்டுத் திட்டத்தில் தரிசு என்று எழுதப்பட்ட நிலங்களில் பல, யாரோ ஒருவர் ஆடு மேய்த்த இடங்கள்.