வாபஸ் வாங்கப்பட்ட விலைகள்

லண்டனில் ஓர் ஏலம். சாராயம் வடிக்கும் வெள்ளீயச் சுருள்குழாயும் அதற்கான தொட்டியும் விற்பனைக்கு வந்தன. கேவ் என்பவர் 40 பவுன் கேட்டார். ஏலக்காரர் சுத்தியலைத் தட்டாமல் இழுத்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் ஏறாதா என்ற நப்பாசை. இதற்கு மேல் போகாது, எதற்கு இழுக்கிறீர் என்று கேவ் சலித்துக்கொண்டார். குழாய் நல்ல எடை இருக்கும் என்று கேள்விப்பட்டதாக ஏலக்காரர் ஆசை காட்டினார். அந்த எடைக்கு நீர் பொறுப்பா என்றார் கேவ். இல்லை என்று பதில் வந்தது. அப்படியானால் எனக்கு வேண்டாம் என்று விலகிக்கொண்டார். மறு ஏலத்தில் அது 30 பவுனுக்குத்தான் போயிற்று. குறைந்த பத்துப் பவுனை கேவ் தர வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். தர வேண்டியதில்லை என்று 1789இல் கிங்ஸ் பெஞ்ச் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏலம் கேட்பவர் தன் விருப்பத்தைத்தான் முன்வைக்கிறார். சுத்தியல் விழுந்தால்தான் ஒப்பந்தம். அதுவரை கேட்டதைத் திரும்பப் பெறலாம். ‘பெய்ன் எதிர் கேவ்’ வழக்கை நம் சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். இந்தியாவின் 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம், 64ஆம் பிரிவில் இதே உரிமையைத் தருகிறது.

நியாயமான உரிமைதான். ஆனால் அது பிறந்த இடம் நாலு சுவருக்குள் நாற்பது பேர் கூடியிருந்த கூடம். அங்கே கேட்ட விலையை வாபஸ் வாங்குகிறவர் எல்லார் கண்ணெதிரிலும் வாங்க வேண்டும். அடுத்த ஏலத்துக்கும் அதே முகங்கள்தான் வரும். இரண்டு முறை அப்படிச் செய்தவரை மூன்றாம் முறை ஏலக்காரர் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். வாபஸ் வாங்குவதற்கு ஒரு விலை இருந்தது. அதை ஊரே வசூலித்துக்கொண்டதால் சட்டப் புத்தகத்தில் எழுத வேண்டியிருக்கவில்லை.

1995 செப்டம்பரில் பியர் ஒமிடியார் தொடங்கிய இணைய ஏலத்தளம் பிறகு ஈபே ஆயிற்று. அதில் முதலில் விற்றது பழுதான லேசர் சுட்டி. போன விலை 14.83 டாலர். மனிதர்கள் அடிப்படையில் நல்லவர்கள் என்பது ஒமிடியார் வெளிப்படையாகச் சொல்லிவந்த நம்பிக்கை. உடைந்த பொருளை உடைந்தது என்று சொல்லி விற்று, அதைத் தெரிந்தே ஒருவர் வாங்கிய பிறகு, அப்படி நம்பாமல் இருப்பதுதான் கடினம்.

அந்த நம்பிக்கைக்கு ஏற்றபடி விதிகளும் இரக்கமாகவே எழுதப்பட்டன. 9.95 என்று அடிக்க நினைத்து 99.50 என்று அடித்துவிட்டீர்களா? திரும்பப் பெறலாம். விற்பவர் பொருளின் விவரத்தைப் பெரிதாக மாற்றிவிட்டாரா? அவரைத் தொடர்புகொள்ளவே முடியவில்லையா? பெறலாம். ஏலம் முடிய 12 மணி நேரத்துக்கு மேல் இருந்தால், அந்தப் பொருளுக்கு நீங்கள் கேட்ட எல்லாத் தொகைகளும் நீங்கிவிடும். கடைசி 12 மணி நேரம் என்றால், கேட்ட ஒரு மணி நேரத்துக்குள், கடைசித் தொகையை மட்டும். காரணத்தை ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால் போதும். மனசாட்சியைக் கூடப் பட்டியலாகக் கொடுத்துவிட்ட வசதி.

இதில் என்ன தப்பு நடக்க முடியும் என்று தோன்றும். நடப்பது இது. ஈபேயில் வாங்க வருபவர் தான் தரக்கூடிய உச்சத் தொகையை இயந்திரத்திடம் ரகசியமாகச் சொல்லிவைக்கிறார். போட்டிக்கு ஆள் வரவர, தேவையான அளவுக்கு மட்டும் அது அவர் சார்பில் ஏற்றிக்கொண்டே போகும். பழைய தபால்தலை ஒன்றுக்கு ஒருவர் 500 டாலர் வரை தரத் தயார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்தவர் கேட்டது குறைவு, ஆகவே திரையில் விலை 210இல் நிற்கிறது. விற்பவருடைய ஆள் இன்னொரு பெயரில் நுழைந்து 5,000 என்று அடிக்கிறான். விலை 510க்குத் தாவி நிற்கிறது. எதிராளியின் உச்சம் 500 என்ற ரகசியம் அவிழ்ந்துவிட்டது. ஐயோ, ஒரு சைபர் கூடிவிட்டதே என்று வாபஸ் வாங்குகிறான். விலை 210க்கு இறங்குகிறது. கொஞ்ச நேரம் கழித்து அவனே 490 கேட்கிறான். விலை 495 ஆகிறது. அதிகம் கேட்டவர் இப்போதும் பழைய வாடிக்கையாளரே. ஏலத்தில் ஜெயித்த மகிழ்ச்சியோடு அவர் 285 டாலர் கூடுதலாகக் கொடுத்துவிட்டுப் போவார். தன் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் விலை சொன்னார்கள் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

இதன் மறுபக்கம் வாங்குபவர்களின் கூட்டு. ஒருவன் 40 டாலர் கேட்பான். கூட்டாளிகள் இருவர் உடனே 900 வரை போட்டி போட்டு விலையை எட்டாத உயரத்துக்கு ஏற்றுவார்கள். ஆசையோடு வந்தவர்கள் அதைப் பார்த்துத் திரும்பிவிடுவார்கள். நேரம் பார்த்துக் கூட்டாளிகள் விலகிக்கொள்ள, 40 கேட்டவனுக்குப் பொருள் கிடைக்கும். 12 மணி நேர விதி இந்த விளையாட்டைப் பெருமளவு முடக்கியது. முந்தையதை அது தொடவில்லை. அதற்குக் கடைசி நேரம் வேண்டியதில்லை; ஏலத்தின் மூன்றாம் நாள் பிற்பகலே போதும்.

இதில் அடிபடுவது பொருளாதாரத்தின் அழகான சிந்தனைகளில் ஒன்று. வில்லியம் விக்ரி 1961இல் எழுதிய கட்டுரையில் காட்டியது இது: அதிகம் கேட்டவருக்கே பொருள், ஆனால் அவர் கொடுக்க வேண்டியது இரண்டாவதாகக் கேட்டவரின் விலை என்று வைத்தால், மனதில் உள்ள மதிப்பை உள்ளபடி சொல்வதே ஒவ்வொருவருக்கும் லாபம். 1996இல் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது; மூன்றே நாளில் இறந்துபோனார். ஈபேயின் ரகசிய உச்சத்தொகை முறை ஏறத்தாழ விக்ரியின் யோசனைதான். ஒரே நிபந்தனை, இரண்டாவதாகக் கேட்டவர் நிஜ ஆளாக இருக்க வேண்டும். அந்த இடத்தில் விற்பவரின் நிழல் நின்றுவிட்டால், உண்மை சொன்னவருக்கு அந்த உண்மையே பில்லாக வந்துசேரும்.

விவரம் தெரிந்தவர்கள் வேறு பாடம் கற்றுக்கொண்டார்கள். உச்சத்தொகையை முன்கூட்டிச் சொல்லாதே. ஏலம் முடியக் கடைசி ஐந்து விநாடி இருக்கும்போது சொல். அதைத் தானாகச் செய்துதரும் மென்பொருள்களும் வந்தன. ஆல்வின் ராத், ஆக்சல் ஆக்கன்ஃபெல்ஸ் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு, ஈபேயையும் அன்று இயங்கிய அமேசான் ஏலத்தையும் ஒப்பிட்டது. ஈபேயில் குறித்த நொடியில் ஏலம் முடியும். அமேசானில் கடைசியாக யாராவது கேட்டால் மேலும் பத்து நிமிடம் நீளும். கடைசி நொடிப் பாய்ச்சல் ஈபேயில்தான் மிக அதிகம். இதைத் தந்திரம் என்று திட்டுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது தற்காப்பாகவே படுகிறது. மனதில் உள்ளதைச் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்ற இடத்தில், வேவு பார்க்க நேரமில்லாத நொடியில் சொல்வது குற்றம் ஆகாது. உண்மையைச் சொல்லவைக்கப் பிறந்த முறை, அதைக் கடைசி ஐந்து விநாடிக்கு ஒதுக்கிவைத்தது என்பதுதான் மிச்சம்.

பணம் பறிபோவது இதில் சிறிய நஷ்டம் என்றே நினைக்கிறேன். ஏலத்தில் மற்றவர் கேட்கும் விலை நமக்கு ஒரு சாட்சி. ஒரு பொருளை நான்கு பேர் போட்டி போட்டுக் கேட்டால், அதில் ஏதோ இருக்கிறது என்று ஐந்தாமவர் துணிகிறார். 2000 மே மாதம் கலிஃபோர்னியாவில் கென்னத் வால்டன் என்ற வழக்கறிஞர், கையெழுத்தாக முதலெழுத்துகள் கொண்ட ஓர் ஓவியத்தை 25 சென்ட்டில் ஏலத்துக்கு விட்டார். பெர்க்லியில் பழைய சாமான் விற்பனையில் கிடைத்தது, மனைவி வீட்டுக்குள் வைக்க விடவில்லை, பிள்ளை விளையாடி ஓட்டை போட்டுவிட்டான் என்று குடும்பஸ்தர் பாணியில் விவரம். அவருக்கு மனைவியும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஓவியர் பெயரை அவர் சொல்லவே இல்லை; புகழ்பெற்ற ரிச்சர்ட் டீபன்கார்ன் என்று யூகிக்கும் வேலையை வாங்குபவர்களுக்கே விட்டுவிட்டார். விலை 1,35,805 டாலர் வரை போயிற்று. அவரும் கூட்டாளிகளும் வெவ்வேறு பெயர்களில் தங்கள் பொருள்களுக்குத் தாங்களே கேட்டுவந்தது பிறகு வெளியானது. விற்பனை ரத்தாயிற்று; குற்றத்தை ஒப்புக்கொண்டார்; வழக்கறிஞர் தொழிலும் போயிற்று. ஓவியம் போலி என்பது ஒரு பக்கம். அதைச் சுற்றி நின்ற கூட்டத்தில் ஒரு பகுதியும் போலி என்பதுதான் என்னை அதிகம் உறுத்துவது.

இந்திய நிலை சற்று விசித்திரமானது. விற்பவர் போலியாக ஆள் வைத்து விலையை ஏற்றினால், வாங்கியவர் விற்பனையை ரத்து செய்துகொள்ளலாம் என்கிறது அதே 64ஆம் பிரிவு. முதலில் வாங்கியவருக்குத் தெரிய வேண்டுமே! போலி மின்னஞ்சல்களிலிருந்து வாடிக்கையாளர்களைக் காப்பதற்காக ஈபே ஏலம் கேட்டவர்களின் பெயர்களை நட்சத்திரக் குறிகளால் மறைக்கத் தொடங்கியது; எந்தப் பெயர் எந்த விற்பவருக்குப் பின்னாலேயே திரிகிறது என்று பொதுமக்கள் பார்க்கக்கூடிய வழியும் அத்தோடு மங்கியது. தளத்தின் கமிஷன் இறுதி விலையில் குறிப்பிட்ட சதவீதமாகக் கணக்கிடப்படுகிறது என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம். அதற்கும் இதற்கும் முடிச்சுப்போட என்னிடம் ஆதாரம் இல்லை.

ஜெர்மனியில் ஒருவர் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காரை ஒரு யூரோவில் ஏலத்துக்கு விட்டார். வெளியாள் ஒருவர் அந்த ஒரு யூரோவைக் கேட்டார். பிறகு இன்னொருவர் போட்டிக்கு வந்தார். விற்பவர் வேறு கணக்கிலிருந்து தானே கேட்டுக் கேட்டு 17,000 யூரோ வரை ஏற்றி, கடைசியில் தன் காரைத் தானே ஜெயித்தும்விட்டார். வழக்கு 2016 ஆகஸ்டில் கார்ல்ஸ்ரூஹேயில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் முடிந்தது. ஒப்பந்தத்துக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தனக்குத் தானே விலை கேட்க முடியாது. ஆகவே அவர் கேட்ட எதுவுமே கேட்டதாகாது என்றார்கள் நீதிபதிகள். அவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தால் போட்டியாளருக்குக் கார் ஒன்றரை யூரோவுக்கு விற்கப்பட்டிருந்தது. கார் அதற்குள் வேறு கைக்குப் போய்விட்டதால், விற்றவர் அவருக்கு 16,500 யூரோ நஷ்டஈடு கட்ட வேண்டியதாயிற்று.