மின்மினியின் நத்தை

மலேசிய இயற்கைச் சங்கத்தின் முயற்சியால் 1987-ஆம் ஆண்டு முதல் கோலசிலாங்கூரில், புக்கிட் மெலாவத்தியின் அடிவாரத்தில் பேணப்பட்டு வரும் இயற்கைப் பூங்காவுக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் சென்று, சதுப்புநிலச் சேற்றில் துள்ளும் மீனையும், பொன்னிறமாய்ப் பிறந்து சில மாதங்களில் சாம்பல் நிறம் பூணும் மந்திக்குட்டி தாயின் மார்பைப் பற்றிக்கொண்டிருப்பதையும் பிரத்தியட்சமாகக் காணச் செய்வது, பாடப்புத்தகத்தின் எத்தனையோ பக்கங்கள் அளிக்க இயலாத வித்தையாகும்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதில் தனி உரிமை உண்டென்பது என் துணிபு. விடியுமுன்னே பால்மரம் சீவப் புறப்பட்ட பாட்டனாருக்கு இருட்டும் காடும் அந்நியமல்ல. வரிசை பிசகாத செம்பனைகளுக்கிடையே வளரும் பேரனுக்கோ, சிலாங்கூர் ஆற்றின் கரையில் கம்போங் குவாந்தானில் பெரம்பாங் மரங்கள் மின்மினிகளால் ஒரே தாளத்தில் ஒளிர்ந்து அணைவது, அண்டையிலிருந்தும் காணாத அதிசயம்.

அந்த ஜோதியைக் காட்டுவதோடு ஆசிரியர் நின்றுவிடலாகாது. மறுநாட் பகலில் அதே கரைக்கு அழைத்துச் சென்று, மின்மினியின் புழு மரத்தில் அன்று, ஈரமண்ணிலே நத்தைகளைத் தின்று வளர்கிறதென்றும், கரையோரப் புதரை அழித்துச் செம்பனை நட்டால் நத்தை மறைந்து, நத்தையோடு இந்த ஒளியும் மறையுமென்றும் சொல்லி, சருகைப் புரட்டித் தேடும்படி அவர்களை விட்டுவிட வேண்டும். சேறு படிந்த சிறு விரல்களில் ஒரு நத்தை அகப்படும்வரை அவசரப்படுத்தாமல் காத்திருக்க வேண்டும்.