கொடையா, கடனா?

வானூர் வட்டத்துக் குயிலாப்பாளையம். செம்மண் சாலையில் கல்லூரிப் பேருந்து வந்து நின்றது. ஏழு நாள் முகாம்! சுவருக்குச் சுண்ணாம்பு, முற்றத்துக்கு மரக்கன்று, பிள்ளைகளுக்குப் பாட்டும் கணக்கும். எட்டாம் நாள் ஊர் வெறிச்சோடியது. "அந்த அக்கா மறுபடி எப்போ சார் வருவாங்க?" என்றாள் நான்காம் வகுப்புச் சிறுமி. ஆசிரியன் நான், விடையின்றி நின்றேன்.

1969இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தை நான் குறை கூறவில்லை. வெயிலில் வியர்வை சிந்திய அத்தோழர்களையும் பழியேன். கேள்வி வேறு. அவர்கள் தந்தது கொடையா, கடனா? கொடையெனில் நிறுத்தினாலும் கேட்பாரில்லை. ஆனால் கல்லூரி எவர் பணத்தில் எழுந்தது? தீப்பெட்டி வாங்கும் கூலிக்காரனும் வரி கட்டியன்றோ எழுந்தது! அவன் மகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவது கருணையாம், சிரிப்பு வருகிறது.

1884இல் இலண்டன் கிழக்குப் பகுதியில், ஏழையர் நடுவே, டாயின்பி ஹால் எழுந்தபோது ஆக்சுபோர்டு, கேம்பிரிட்ஜ் இளைஞர் அங்கே விருந்தாட வரவில்லை, குடியேறினர். 2021இல் நம் மாவட்டத்து முதலியார்குப்பத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியிலும் கற்பித்தோர் பெரும்பாலும் அவ்வவ்வூராரே. மறுநாள் அதே பிள்ளையின் முகத்தில் விழித்தாக வேண்டியவர்கள்!

கல்லூரித் தோழர்களே! வாரம் ஒரு மாலை, அதே வகுப்பு, அதே இருவர், இரண்டாண்டு. திட்டம் கேட்கும் 240 மணி நேரத்தில் இதற்கு இடமுண்டு. "புதன்கிழமை வருவேன்" என்று அந்த அக்கா சொல்லிவிட்டுப் போகட்டும். சிறுமிக்கு நான் விடை சொல்லிக்கொள்கிறேன்.