முற்பிறவிக்குக் கனவு சாட்சியா?

சீடன்: சுவாமி, அதே கனவு திரும்பத் திரும்ப வருகிறது. அலையாத்திக் காட்டுக்கு நடுவே படகு கவிழ்கிறது. தண்ணீருக்குள் மூச்சு முட்டி விழித்துக்கொள்கிறேன். போன பிறவியில் நான் தண்ணீரில் மாண்ட படகோட்டி என்கிறார் சோதிடர். பரிகாரத்துக்கும் நாள் குறித்துவிட்டார்.

குரு: எப்போதிருந்து வருகிறது?

சீடன்: கஜா புயலுக்குப் பிறகு. 2018 நவம்பர் 16 அதிகாலை. எனக்கு அப்போது பதினான்கு வயது. படகைக் கட்டப் போன அப்பா விடியும்வரை வீடு திரும்பவில்லை.

குரு: முத்துப்பேட்டையில் உன் வீட்டில் மட்டுமா புயல் அடித்தது?

சீடன்: இல்லை. பக்கத்துத் தெரு இஸ்லாமியத் தோழனுக்கும் தண்ணீர்க் கனவுதான். ஷைத்தானின் ஊசலாட்டம் என்று சொல்லி, ஜாம்புவானோடை தர்காவுக்கு அழைத்துப் போனார்கள்.

குரு: அவர்கள் மார்க்கத்தில் மறுபிறவி இல்லை. பார்த்தாயா? கனவைத் தந்தது புயல். பொருளைத் தந்தது அவரவர் வீடு.

சீடன்: அதனால் முற்பிறவி பொய்யாகிவிடுமா? நம் சைவ சித்தாந்தமே வினைத்தொடர்ச்சியைச் சொல்கிறதே!

குரு: பொய் என்று நான் சொல்லவில்லை. உன் கனவு அதற்குச் சாட்சியாகாது என்கிறேன். வர்ஜீனியா பல்கலைக்கழக மனநல மருத்துவர் இயான் ஸ்டீவன்சன் இந்தியா, இலங்கை என்று அலைந்து விசாரித்து, 1966இல் 20 நிகழ்வுகளை நூலாக்கினார். அவர் தேடியவர்கள் பெரும்பாலும் சின்னக் குழந்தைகள். விழித்திருக்கும்போதே பெயர், ஊர், உறவு சொன்னவர்கள். சொன்னதால்தான் சரிபார்க்க முடிந்தது. அப்போதும் முடிவான நிரூபணம் என்று அவர் சொல்லவில்லை. உன் கனவில் வருவது உன் ஊர்க் காடு, உன் அப்பாவின் படகு. இதில் எதைப் போய்ச் சரிபார்ப்பது?

சீடன்: மறைந்து கிடப்பது கனவில் வெளிப்படக் கூடாதா?

குரு: இறைவனின் ஐந்தொழிலில் மறைத்தலும் ஒன்று. பழையதை மறைப்பதும் அருள்தான் என்கிறது சித்தாந்தம். சேர்ந்து கிடக்கும் பழவினையான சஞ்சிதம் உன் கைக்கு எட்டாது. அதில் இப்பிறவியில் அனுபவிக்க வேண்டிய பிராரத்தம் வந்தே தீரும். புதுவினையான ஆகாமியம் மட்டுமே நீ இன்று செய்வது. அப்படியிருக்க, செத்துப்போன படகோட்டிக்குப் பரிகாரம் பேசுகிறீர்கள். வாசலில் அப்பாவுக்காகக் காத்திருந்த பையனை யாரும் விசாரிக்கவில்லை.

சீடன்: இப்போது என்ன செய்யட்டும், சுவாமி?

குரு: பகலில் உட்கார்ந்து கனவை எழுது. முடிவை மாற்று, படகு கரை சேரட்டும். மாற்றியதைத் தினமும் சில நிமிடம் மனத்தில் ஓட்டிப் பார். கொடுங்கனவுக்கு மனநல மருத்துவர்கள் சொல்லித்தரும் பயிற்சி இது. தூக்கம் தொடர்ந்து கெட்டால் மருத்துவரைப் பார். அரசின் மனநல உதவி எண் 14416இல் இலவசமாகப் பேசலாம். தோழனுக்கும் சொல். பரிகாரம் செய்ய மனம் கேட்டால் செய்துகொள், அதோடு நின்றுவிடாதே. முற்பிறவி உண்டோ இல்லையோ, இந்தப் பிறவியில் வந்த பயத்துக்கு இந்தப் பிறவியிலேயே வைத்தியம் உண்டு.