அடிமரம், தேர், உடல்: முழுமை எங்கே இருக்கிறது?

பல உறுப்புகள் சேர்ந்து ஒரு பொருளாகும்போது அந்த ‘ஒன்று’ எங்கே இருக்கிறது என்பது தத்துவத்தின் மிகப் பழைய கேள்விகளுள் ஒன்று. அது உறுப்புகளின் கூட்டத்துக்கு மனிதர் இட்ட பெயர் மட்டுமா? உறுப்புகளுக்கு அப்பால் தனியே ஒன்று உண்டா? உறுப்புகள் மாறிய பிறகும் பொருள் அதுவாகவே இருப்பது எதனால்? இவற்றை ஆராய்ந்தவர்கள் இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் மரம், வண்டி, மனித உடல் என்ற மூன்றையே திரும்பத் திரும்ப எடுத்தாண்டார்கள். மூன்றும் ஒரே வகையான முழுமை அல்ல. உடலை எதனோடு ஒப்பிட்டார்களோ, அந்த ஒப்பீடே அவர்களுடைய முடிவையும் பெரிதும் தீர்மானித்தது.

உபநிடதங்களின் இரண்டு உவமைகள்

கட உபநிடதம் உடலைத் தேராகக் காண்கிறது. ஆன்மா தேருக்கு உரியவன்; புத்தி பாகன்; மனம் கடிவாளம்; புலன்கள் குதிரைகள்; புலன்கள் நாடும் பொருள்கள் குதிரைகள் ஓடும் வழிகள். இந்த அமைப்பில் உடல் ஒரு கருவி. அதற்கு உரியவன் வேறு. பயணம் முடிந்தால் அவன் இறங்கிவிடலாம்.

பிருகதாரண்யக உபநிடதம் தேர்ந்தெடுப்பது மரத்தை. விதேக நாட்டு மன்னன் ஜனகனின் அவையில் நடந்த வாதத்தின் முடிவில் யாக்ஞவல்கியர் மனிதனையும் மரத்தையும் உறுப்பு உறுப்பாக ஒப்பிடுகிறார். மயிர் இலை, தோல் பட்டை, குருதி பட்டையிலிருந்து கசியும் சாறு, எலும்பு உள்கட்டை, மஜ்ஜை மரத்தின் நடுச்சோறு. பிறகு அவர் எழுப்பும் கேள்வி கடுமையானது. வெட்டிய மரம் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கிறது. மரணம் வெட்டிய மனிதன் எந்த வேரிலிருந்து முளைக்கிறான்? விந்து என்று சொல்லிவிட முடியாது, அது உயிரோடு இருப்பவனிடமிருந்தே வருகிறது என்று அவரே அந்த வழியையும் அடைக்கிறார். தேர் உவமையில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. முளைக்கும் பொருளைப் பற்றித்தான் அதன் வேர் எது என்று கேட்க முடியும்.

சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்குச் சொல்லும் விளக்கமும் மரத்தைப் பற்றியதே. அடியில் வெட்டினாலும் நடுவில் வெட்டினாலும் மரம் சாறு வடித்தபடி வாழ்கிறது. ஒரு கிளையை விட்டு உயிர் நீங்கினால் அந்தக் கிளை காய்கிறது. மரம் முழுவதையும் விட்டு நீங்கினால் மரமே காய்கிறது. உடல் சாகிறதே தவிர உயிர் சாவதில்லை என்பது அவர் முடிவு.

நாகசேனரின் தேர்

கி.மு. 2ஆம் நூற்றாண்டில் சாகல நகரை ஆண்ட இந்தோ-கிரேக்க மன்னன் மெனாண்டர், பௌத்த நூல்களில் மிலிந்தன் என்ற பெயரில் வருகிறான். அவனுக்கும் நாகசேனர் என்ற துறவிக்கும் நடந்ததாகச் சொல்லப்படும் உரையாடலே ‘மிலிந்த பன்ஹா’ என்ற பாலி நூல். தேரில் வந்த மன்னனிடம் நாகசேனர் கேட்கிறார்: ஏர்க்கால் தேரா, அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? ஒவ்வொன்றுக்கும் மன்னன் இல்லை என்கிறான். இவையெல்லாம் சேர்ந்தவையா, இவற்றுக்குப் புறம்பானதா என்ற கேள்விகளுக்கும் இல்லை என்பதே விடை. உறுப்புகள் ஒன்றையொன்று சார்ந்து நிற்கும்போது ‘தேர்’ என்ற வழக்கு உண்டாகிறது. ‘நாகசேனர்’ என்பதும் அப்படியே. உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்று மணிமேகலை கூறும் ஐந்து கந்தங்களுக்கு அப்பால் நிலையான ஆள் ஒருவன் இல்லை. கட உபநிடதம் தேருக்கு உள்ளே உரியவனைக் கண்டது. நாகசேனர் தேரைப் பிரித்துப் பார்த்து, உரியவன் இல்லை என்றார்.

நியாய நெறியினர் இதை ஏற்கவில்லை. அவயவங்கள் சேரும்போது ‘அவயவி’ என்ற புதிய பொருள் தோன்றுகிறது என்றனர். கௌதமரின் நியாய சூத்திரமும் வாத்ஸ்யாயனரின் உரையும் காட்டும் சான்றுகள் எளியவை. ஒரு பகுதியைப் பிடித்து இழுத்தால் பொருள் முழுவதும் வருகிறது. வெறும் கூட்டமாக இருந்தால் இழுத்த துண்டு மட்டுமே கையோடு வரவேண்டும். மரத்தின் முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மரத்தை ஊகிக்கிறோம் என்ற வாதத்தையும் அவர்கள் மறுத்தார்கள். கண்ணுக்குப் படுவது மரமேதான் என்றார்கள்.

வண்டியின் ஒருமை

இன்றைய கார் நாகசேனருக்கே வலுச் சேர்க்கும். சிறு திருகுகள் வரை எண்ணினால் ஒரு காரில் ஏறத்தாழ 30,000 பாகங்கள் உண்டு. டயர், பேட்டரி, கதவு எதை மாற்றினாலும் அது அதே கார்தான். எஞ்சினையே மாற்றினாலும், பதிவு அதிகாரியின் ஒப்புதலோடு புதிய எண் பதிவுச் சான்றில் ஏறுகிறது. வண்டி அதுவாகவே தொடர்கிறது. அடையாளத்தைச் சுமப்பது சேஸிஸில் பொறித்த 17 எழுத்து-எண் கொண்ட குறியீடு. அதையும் பொறித்தவர்கள் மனிதர்கள், ஏற்பவர்களும் மனிதர்கள்.

கோயில் தேரும் அப்படியே. திருவாரூர் ஆழித்தேர் இன்று இரும்புச் சக்கரங்களிலும் ஹைட்ராலிக் பிரேக்கிலும் ஓடுகிறது. அவற்றைச் செய்து கொடுத்தது திருச்சி பெல் நிறுவனம். வடம் பிடிப்பவர்களுக்கு அது அதே ஆழித்தேர். வண்டியை ஒன்றாக்குவது செய்தவரின் நோக்கமும் பயன்படுத்துவோரின் ஏற்பும். இரண்டும் வண்டிக்கு வெளியே இருப்பவை.

மரத்தின் ஒருமை

அடிமரத்தைக் குறுக்கே அறுத்தால் வெளியே பட்டை, அதன் உட்புறத்தில் உணவைக் கீழிறக்கும் ஃபுளோயம், அடுத்து கேம்பியம் என்ற மெல்லிய வளர்படலம், பிறகு நீரை மேலேற்றும் வெளிர்நிறச் சைலம், நடுவில் வைரம் பாய்ந்த கட்டை என்று வரிசையாகத் தெரியும். நடுவில் உள்ள வைரம் உயிரற்றது. அது பொந்தாகிப் போனாலும் மரம் காய்க்கும். ஆனால் பட்டையை முழுவளையமாக உரித்துவிட்டால் வேருக்கு உணவு போகாமல் மரம் படிப்படியாகச் சாகும். பலம் மையத்தில், உயிர் விளிம்பில் என்பதே அடிமரத்தின் அமைப்பு. தொல்காப்பிய மரபியல் உள்ளே வைரம் கொண்டதை மரம் என்றும், பனைபோல் வெளியே வைரம் கொண்டதைப் புல் என்றும் பிரித்தது. இரண்டையும் ஓரறிவு உயிர்களாகவே வைத்தது.

மரத்துக்கு அடிமரமே இன்றியமையாததா என்று கேட்டால், ஆலமரம் இல்லை என்கிறது. ஹவுராவில் ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் தாவரவியல் பூங்காவில் உள்ள பெரிய ஆலமரத்தின் தாய்மரம் பூஞ்சை நோயால் கெட்டு, 1925இல் அகற்றப்பட்டது. சென்னை அடையாறு பிரம்மஞான சபை ஆலமரத்தின் நடுத்தண்டு 1989இல் புயலில் வீழ்ந்தது. இரண்டும் விழுதுகளின் பலத்தில் வாழ்கின்றன. யாரும் பதிவேட்டில் எழுதி அவற்றை ஒன்றாக்கவில்லை. தம் உறுப்புகளைத் தாமே உண்டாக்கி, தாமே தாங்கிக்கொள்கின்றன.

அரிஸ்டாட்டில் தம் ‘இயற்பியல்’ நூலில் ஆண்டிஃபோன் சொன்ன ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறார்: கட்டிலை மண்ணில் புதைத்து அது முளைவிட்டால், முளைப்பது கட்டில் அல்ல, மரம். ஜான் லாக் 1694இல் வெளிவந்த தம் நூலின் இரண்டாம் பதிப்பில், கன்றாக இருந்தபோதும் கிளை கழித்தபோதும் ஓக் மரம் அதேதான் என்றும், பொதுவான ஓர் உயிரில் உறுப்புகள் பங்குகொள்வதே காரணம் என்றும் விளக்கினார். காண்ட் 1790இல் இதை மேலும் கூர்மையாக்கினார். கடிகாரத்தின் ஒரு சக்கரம் மற்றொன்றை ஓட்டலாம், உண்டாக்க முடியாது. மரத்தில் இலை மரத்தைப் பேணுகிறது, மரம் இலையை உண்டாக்குகிறது.

உடலின் ஒருமை

மனித உடல் இந்த வகையில் மரத்தின் பக்கம் நிற்கிறது. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. குடலின் உட்பூச்சு சில நாட்களில் புதிதாகிறது. எலும்பும் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கரைந்து மறுபடி கட்டப்படுகிறது. மாற்றுவதற்குப் பட்டறை இல்லை. உடலே தன் தச்சன். அதே சமயம் வண்டிபோல உதிரி உறுப்பையும் அது ஏற்கிறது. 1967 டிசம்பர் 3 அன்று கேப் டவுனில் கிறிஸ்டியான் பர்னார்ட் ஒருவரின் இதயத்தை மற்றொருவருக்குப் பொருத்தினார். இதயம் மாறியது, நோயாளி மாறவில்லை. ஆனால் பொருத்திய உறுப்பை உடல் அந்நியமாகக் கண்டு எதிர்க்கிறது. அதை அடக்க மருந்து தேவைப்படுகிறது. தன்னது எது, பிறிது எது என்று எந்த வண்டியும் பிரித்துப் பார்ப்பதில்லை.

பழைய உவமைகள் இன்றும் தீவிர சிகிச்சைப் பிரிவில் உயிரோடு இருக்கின்றன. மூளைத்தண்டு செயலிழந்த உடலில், வென்டிலேட்டர் துணையோடு இதயம் துடிக்கும், உடல் சூடாக இருக்கும். 1994ஆம் ஆண்டின் இந்திய உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைத்தண்டு மரணத்தை மரணமாக ஏற்கிறது. குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதிக்கச் சொல்கிறது. ஒருங்கிணைக்கும் பாகன் போய்விட்டான், இனி இருப்பது தேர் மட்டுமே என்பதற்கு நெருக்கமான நியாயம் இது. ஹான்ஸ் ஜோனாஸ் போன்ற தத்துவவாதிகள், உயிர் ஒரே உறுப்பில் குடியிருப்பதில்லை என்ற நோக்கில் மூளை மரண வரையறையை எதிர்த்தனர். அது மரத்தைப் பார்த்துக் கேட்கும் கேள்வி. உறுப்புதானத்தால் பலர் பிழைக்கிறார்கள் என்பதாலேயே இந்தக் கேள்வியை நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது.

மூன்றையும் இப்படித் தொகுக்கலாம். வண்டியின் ஒருமை வெளியிலிருந்து வருகிறது. அங்கே நாகசேனரின் பகுப்பு முற்றிலும் பொருந்தும். மரத்தின் ஒருமை உள்ளிருந்து எழுகிறது. அதைப் பெயர் வழக்கு என்று மட்டும் சொன்னால் தன்னைத் தானே கட்டிக்கொள்ளும் உயிரின் செயல் விடுபட்டுப்போகும். மனித உடலில் இந்த உயிர்ச் செயலோடு, ‘என் உடல்’ என்று உணரும் அறிவும் சேர்கிறது. அந்த அறிவு நிலையான ஆன்மாவுக்கு உரியது என்று உபநிடதங்களும், கணந்தோறும் மாறும் தொடர்ச்சி என்று பௌத்தமும் கொள்கின்றன. இந்தப் பூசலை மரத்தை வைத்தோ தேரை வைத்தோ தீர்க்க முடியாது. அவை இரண்டிலும் ‘என்’ என்று சொல்ல ஆளில்லை. உடலைப் பற்றிய ஆராய்ச்சி உவமையிலிருந்து தொடங்கலாம், அதிலேயே முடிந்துவிடக் கூடாது.