சிறையிலிருந்த நபியும் மறந்துபோன தோழனும்



திருமறையின் 12-வது அத்தியாயமாகிய ஸூரத்து யூசுபை நம்மில் கேளாதவர் இல்லை. 111 ஆயத்துகள் கொண்ட அந்த ஸூராவிலே கிணறும், சட்டையும், கனவும் எல்லோருக்கும் ஞாபகமிருக்கிறது. நடுவிலே ஒரு சிறைக்கூடம் இருக்கிறதே, அதை மட்டும் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். இந்த மாதம் அங்கே சற்று நின்று பார்ப்போம்.

யூசுப் நபி (அலை) அவர்கள் மிஸ்று தேசத்தில் குற்றம் செய்து உள்ளே போனவர்களல்லர். அவர்கள் நிரபராதி என்பதற்கு அத்தாட்சிகளைக் கண்ட பிறகுதான், கொஞ்ச காலம் சிறையில் வைப்போம் என்று அங்குள்ள பெரிய மனிதர்கள் தீர்மானித்தார்கள். பெரிய வீட்டுப் பேச்சு ஊரில் அடங்க வேண்டுமல்லவா! பாவத்துக்கு இணங்குவதைக் காட்டிலும் சிறையே மேல் என்று நபியவர்களே ஆண்டவனிடம் முறையிட்டதும் வாஸ்தவம். அதற்காக அவர்களுக்கு விடுதலையில் ஆசையே இல்லாமல் போயிற்று என்று எண்ணிவிடக் கூடாது. கூட இருந்த இரண்டு வாலிபர்கள் கண்ட கனவுகளுக்கு விளக்கம் சொன்னார்கள். அவ்விருவரில் பிழைத்து வெளியேறி, அரசனுக்குப் பானம் ஊற்றும் வேலைக்குத் திரும்பப் போகிறவனிடம், உன் எஜமானனிடம் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல் என்று கேட்டுக் கொண்டார்கள்.

மனிதனிடம் உதவி கேட்டதனாலேயே அவர்களுடைய சிறைவாசம் நீண்டது என்று சில விரிவுரைகளில் எழுதியிருக்கிறது. ஷைத்தான் மறக்கடித்தது அந்த வாலிபனையே என்று வேறு விரிவுரையாளர்கள் சொல்கிறார்கள். நமக்கு இரண்டாவது அபிப்பிராயமே பொருந்துகிறது. ஏனென்றால் பின்னால் வரும் ஆயத்தில், வெகு காலம் கழித்து ஞாபகம் வந்தது அந்த வாலிபனுக்குத்தான். பூட்டிய கதவுக்குள் இருப்பவன் சாவியை நினைப்பது ஈமானுக்குக் குறைவாகுமா?

சில ஆண்டுகள் இருந்தார்கள் என்கிறது மறை. அந்த அரபுச் சொல் மூன்று முதல் ஒன்பது வரை குறிக்கும் என்பர். கணக்குப் பார்க்கும் நமக்கு இது விளங்கும். ஒரு கடையைத் தொடங்கி நிலைநிறுத்தும் காலம் அது. அத்தனை காலமும் உள்ளே இருப்பவருக்கு ஒவ்வொரு காலடிச் சத்தமும் தமக்கென்று வருவது போலிருக்கும். வெளியே போனவனோ கெட்டவன் என்று மறை சொல்லவில்லை. மறந்தான், அவ்வளவே. அரண்மனை வேலை கிடைத்தது, பழைய சினேகம் விட்டுப் போயிற்று.

பிறகு அரசன் கண்ட கனவுக்கு விளக்கம் கேட்டு அதே ஆள் வந்து நிற்கிறான். இத்தனை வருஷம் எங்கே போனாய் என்று நபியவர்கள் கேட்டதாக மறையில் இல்லை. முதலில் என்னை வெளியே எடு, அப்புறம் சொல்கிறேன் என்று பேரமும் பேசவில்லை. (வியாபாரிகளாகிய நாமாயிருந்தால் பேசித்தான் இருப்போம்.) ஏழு வருஷம் விளைச்சல், ஏழு வருஷம் பஞ்சம், தானியத்தைக் கதிரோடு சேமிக்க வேண்டும் என்று முழுவதையும் சொல்லிக் கொடுத்தார்கள். அரசன் அழைத்தனுப்பியபோதோ, அந்தப் பெண்களின் விஷயத்தை விசாரிக்கும்படி தூதனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தம் பெயரில் ஒட்டிய கறை நீங்காமல் வாசற்படி தாண்ட அவர்கள் சம்மதிக்கவில்லை. யூசுப் இருந்த அத்தனை காலம் தாம் சிறையில் இருந்திருந்தால், அழைக்க வந்தவனோடு உடனே போயிருப்போம் என்று நம் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதாக புகாரி ஹதீஸில் வருகிறது. யூசுப் நபியின் பொறுமைக்கு இது புகழ்ச்சி. சிறை எவ்வளவு கொடியது என்பதும் இதிலேயே தெரிகிறது.

இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களும் உள்ளே இருந்தவர்களே. கூபா நகரத்தில் பட்டுத்துணி வியாபாரம் செய்த நம் இனத்தவர்கள்! (ஷாபிஈ சகோதரர்கள் மன்னிக்க.) காஜிப் பதவி வேண்டாம் என்றதற்காக கலீபா மன்ஸூர் அவர்களைச் சிறையிலடைத்தார். ஹிஜ்ரி 150-இல், அதாவது 767-இல், பக்தாதில் வபாத்தானார்கள்.

அவர்களெல்லாம் நிரபராதிகள், நம் கடைக்கு வேலை கேட்டு வருகிறவன் குற்றம் செய்தவன்தானே என்று ஒரு சகோதரர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மது குடித்ததற்காகத் தண்டனை பெற்ற ஒருவரைச் சிலர் சபித்தபோது, உங்கள் சகோதரனுக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவி செய்யாதீர்கள் என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) தடுத்தார்கள். அவர் செய்தது குற்றமே, தண்டனையும் நடந்தது. அதற்கு மேல் நாம் ஒன்று போட இடமில்லை.

சிறையை விட்டு வருபவருக்கு வேலையும் மரியாதையும் கிடைக்கச் செய்ய சிங்கப்பூரில் 2004-இல் மஞ்சள் ரிப்பன் திட்டம் தொடங்கப்பட்டது. அரசாங்கம் வாசல் வரை கொண்டு வந்து விடலாம், உள்ளே அழைக்க வேண்டியவர் முதலாளி. கல்லாவில் உட்கார வைக்கப் பயமாயிருந்தால் கிட்டங்கியில் மூட்டை கணக்கெடுக்க வைக்கலாம், சாமான் கொண்டுபோய்ச் சேர்க்க அனுப்பலாம். சம்பளத்தை மட்டும், வேறு போக்கில்லாதவன்தானே என்று குறைத்துவிடக் கூடாது; அது அவனுக்கு இன்னொரு பூட்டு. மிஸ்று அரசன் நேற்றுவரை கைதியாயிருந்தவரிடம் நாட்டின் களஞ்சியங்களையே ஒப்படைத்தான். நம்மிடம் இருப்பது நாலு அரிசி மூட்டை.

கடைசியில் தகப்பனாரும் சகோதரர்களும் வந்து கூடிய சபையில், அல்லாஹ் தம்மைச் சிறையிலிருந்து வெளியேற்றியதை யூசுப் நபியவர்கள் வாய்விட்டுச் சொன்னார்கள். கிணற்றைச் சொல்லவில்லை. சகோதரர்கள் வெட்கப்படக் கூடாதென்று அதை விட்டுவிட்டார்கள் என்பர் உலமாக்கள். சிறையில் இருந்ததைச் சொல்ல அவர்களுக்கு வெட்கமில்லை. நம் கடை வாசலில் ஒருவன் வந்து, முதலாளி, நான் உள்ளே இருந்துவிட்டு வந்தவன் என்று தானே சொல்வானானால், உட்கார வைத்து, ஒரு தேத்தண்ணீர் வரவழைத்துக் கொடுத்து, என்ன வேலை தெரியும் என்று கேட்போமாக.

வஸ்ஸலாம்.